மீசைக்குக் காவல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் எந்த ன, எந்த ர என்று சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டு, தெரிந்த சொல் ஒன்றைப் போட்டுக்கொள்வேன். ஆகையால் சில இடங்களில் நான் சொல்ல நினைத்தது ஒன்றாகவும் எழுதியது வேறாகவும் இருக்கலாம். படிக்கிறவர்கள் பெரிய மனசு பண்ணித் திருத்திப் படித்துக்கொள்ளவும்.

எழுத்தாவது இப்படி. பேச்சு இதைவிட மோசம். புது ஆள் யாராவது என் முகத்தைப் பார்த்துப் பேசினால் எனக்குக் காது சூடாகிவிடும். நல்ல வேளையாகப் பேச்சு தேவைப்படாத தொழில் அமைந்தது. கோயில் பெரிய கோபுரத்துக்குப் பக்கத்தில் செருப்பு வைக்கும் இடம் என்னுடையது. செருப்பை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்க வேண்டும். டோக்கனை வாங்கிக்கொண்டு செருப்பைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். திருவண்ணாமலைக்கு வந்து போகிறவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும், கணுக்கால் வரைக்கும்.

வீடு அடி அண்ணாமலையில். எங்கள் தெருவில் இருந்த பள்ளிக்கூடத்தில், இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு வருஷம், ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்குப் படம் வரையச் சொல்லித்தருகிறார்கள் என்று சொன்னார்கள். பாண்டிச்சேரியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். டீச்சர் என்றே எல்லோரும் கூப்பிட்டோம். வீட்டில் இருக்கும் பிரியமான பொருள் ஒன்றை எடுத்து வர வேண்டும், அதன் கதையைச் சொல்ல வேண்டும், பிறகு அதைப் படமாக வரைய வேண்டும். இதுதான் ஏற்பாடு.

"கதை சொல்லணுமாம். நான் வரல" என்றேன் என் மனைவியிடம்.

"இங்க கூடத்தான் வாயத் தொறக்க மாட்றீங்க. அங்க போயாவது தொறங்க. நான் பக்கத்து ஜன்னல்ல நின்னு கேட்டுக்கறேன்" என்றாள்.

முதல் நாள் டீச்சர் எல்லோரையும் பாயில் உட்கார வைத்து, "உங்க வீட்ல தீப்பிடிச்சா எதை முதல்ல எடுத்துட்டு ஓடுவீங்க?" என்று கேட்டார்.

கூட்டம் கப்பென்று அடங்கிவிட்டது. எதிர் வீட்டு அக்காதான் முதலில் பேசினார். "இன்னாம்மா, நல்ல நாளும் அதுவுமா வீடு பத்திக்கணும்னு சொல்றீங்க? நல்ல வார்த்த சொல்லுங்க."

டீச்சர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் யோசித்து, "சரி. போகிக்கு எதை மட்டும் தூக்கிப் போட மாட்டீங்க?" என்றார். உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அதிலிருந்து டீச்சர் எங்கள் ஊர்க்காரராகிவிட்டார்.

என் பொருள் ஒரு ஜோடி பூட்ஸ். எண்பத்தொன்பதில், நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வெள்ளைக்காரர் அவற்றைக் கழற்றிக் கொடுத்து, டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு, மலையை அண்ணாந்து பார்த்தபடியே நடந்து போனார். திரும்பி வரவே இல்லை. ஊருக்குப் போய்விட்டாரா, சாமியாராகிவிட்டாரா, தெரியாது. டோக்கன் அவரிடம் இருக்கும்போது செருப்பை நான் எப்படி இன்னொருவருக்குக் கொடுக்க முடியும்? வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு பூட்ஸும் ஒரு மரக்கால் நெல் பிடிக்கும். என் மனைவி ஒன்றில் பூண்டும் இன்னொன்றில் புளியும் போட்டு வைத்தாள். நான் மட்டும் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அவற்றை வெளியே எடுத்து, கறுப்புப் பாலிஷ் போட்டுப் பொட்டு வைப்பேன். மனிதர் திடீரென்று வந்து நின்றால் பளபளவென்று கொடுக்க வேண்டும் அல்லவா?

இந்தக் கதையை நான் சொல்லவில்லை. எழுந்து நின்றேன், காது சூடானது, உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே இருந்து என் மனைவிதான் முழுக்கதையும் சொன்னாள். பூண்டு விஷயத்தையும் சேர்த்து.

அடுத்து என் மச்சான், அவளுடைய அண்ணன். ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோ சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவர் கொண்டுவந்தது அவருடைய அப்பாவின் போட்டோ. ஓதம் ஏறி, மூக்குக்குக் கீழே வெள்ளையாகிவிட்டது.

"எங்கப்பா மீச இந்த ஜில்லாவுலயே கெடையாது. ரெண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் நிக்கும். அந்த மீச போனதும் போட்டோல யாரோ மாதிரி கீறாரு. நான் வரையப் போறது மீசதான். மூஞ்சி சும்மா கூடத்தான்" என்றார்.

எதிர் வீட்டு அக்காவின் பொருள் தைல டப்பா அளவில் ஒரு சின்னத் தகர டப்பா. கார்த்திகை தீபம் முடிந்து, மலை உச்சியிலிருந்து கொப்பரையைத் தூக்கிவரும் ஆட்களில் அவர் வீட்டுக்காரரும் ஒருவர். நெய்யும் திரியும் எரிந்து கொப்பரையில் படிந்த கரி, அதுதான் தீப மை. ஒரு வருஷம் அவர் கையால் கொண்டுவந்து கொடுத்த மை அது. அடுத்த தீபத்துக்கு அவர் இல்லை.

"மை வருஷா வருஷம் கோயில்ல கெடைக்கும். அவரு கொண்டாந்தது இது மட்டுந்தான்" என்றார் அக்கா. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த அன்று ஒரு பொட்டு. பெரிய பரீட்சைக்கு ஒரு பொட்டு. கல்யாணத்தன்று மணையில் உட்காருவதற்கு முன் ஒரு பொட்டு. இப்போது மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பேரப்பிள்ளையின் முதல் பொட்டுக்கு வைத்திருந்தார். "தாத்தா மூஞ்சிய அது பாக்கப் போறதில்ல. அவரு கை மையாவது படட்டும்."

அக்கா அழவில்லை. நாங்கள்தான் மூக்கை உறிஞ்சினோம். மச்சான் சத்தமாக உறிஞ்சினார்.

படம் வரைய டீச்சர் காடாத் துணி கொடுத்தார். நான் பூட்ஸ் கயிற்றை வரைவதிலேயே இரண்டு ஞாயிறு ஓட்டினேன். கயிறு வரைகிறவனை யாரும் நிமிர்ந்து பார்க்கச் சொல்ல மாட்டார்கள். என் பூட்ஸ், அதன் பக்கத்தில் பாலிஷ் டப்பா, அதை ஒட்டி அக்காவின் டப்பா. எல்லாம் ஒரே பாயில் வரிசையாக இருந்தன. மூன்றாவது ஞாயிறு, மகளுக்கு இடுப்பு வலிக்கிறதாம் என்று ஆள் வந்து கூப்பிட, அக்கா டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து ஓடினார்.

அந்த நேரம் பார்த்து மச்சானுக்கு மீசை சரிப்படவில்லை. "டீச்சர், இந்தக் கறுப்பு காஞ்சதும் நரச்ச மாதிரி ஆயிடுது. எங்கப்பா சாகற வரைக்கும் மீச நரைக்கல."

"இன்னொரு பூச்சு குடுங்க."

"ஊஹூம். மாப்ளே, உன் பூட்ஸ் பாலிஷ் எடுத்துக்கறேன்!"

நான் தலையை நிமிர்த்தாமல் ஆட்டினேன். அவர் கையை நீட்டி எடுத்தது பக்கத்து டப்பா. விரலை விட்டு வழித்தார். இடது பக்கம் ஓர் இழுப்பு, வலது பக்கம் ஓர் இழுப்பு, நுனிகளை மேலே ஒரு சுழட்டு. மீசை நெய் வழிய மின்னியது. எல்லோரும் கை தட்டினார்கள். "எங்கப்பா வந்துட்டாரு!" என்று மச்சான் துணியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

பிரசவ வலி இல்லையாம், சூட்டு வலிதானாம். அக்கா சீக்கிரமே திரும்பி வந்தார். வாசல்படியில் கால் வைத்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"நெய் வாசம் அடிக்குது" என்றார்.

அக்கா நேராகப் போய் மீசையின் எதிரில் நின்றார். பிறகு குனிந்து டப்பாவை எடுத்துப் பார்த்தார். துடைத்துக் கழுவியது போல இருந்தது.

"யோவ் ஆட்டோ!" என்றார். இதற்கு முன்பு அவர் மச்சானை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். "உங்கப்பன் மீசைக்கு என் பேரன் பொட்டுதான் கெடச்சுதா?"

"அய்யோ, பாலிஷ்னு நெனச்சம்மா. மாப்ள தலைய ஆட்டினான்!"

"அவன் எதுக்குத்தான் தலைய ஆட்டல?"

மச்சான் ஒரு ஸ்பூனை எடுத்துச் சுரண்டப் போனார். அக்கா கையைத் தட்டிவிட்டார். "சொரண்டுனா துணி நூலும் பெயிண்டுந்தான் வரும். தொடாத. காடாத் துணியும் நெய்யும் ஒண்ணாக் கீது, பத்த வச்சா மறுபடியும் தீபமே எரியும்."

"பத்த வச்சா எங்கப்பா மூஞ்சி எரியுமே" என்றார் மச்சான் பரிதாபமாக.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் டீச்சர்தான் ஒரு வழி சொன்னார். நெய் கலந்த மை காயாது. மீசையை யாரும் தொடாமல் அப்படியே வைத்திருந்தால், குழந்தை பிறந்ததும் அதிலிருந்தே ஒரு விரல் எடுத்துப் பொட்டு வைக்கலாம். அக்கா ஒப்புக்கொண்டார். "அதுவரைக்கும் உங்கப்பா மீச என் மீச. ஞாபகம் வச்சுக்க" என்று மச்சானிடம் சொன்னார்.

ஒரு வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஆனால் தீட்டு கழியும் முன் சாமி மையைப் பிள்ளைக்கு வைக்கக்கூடாது, அந்த வீட்டுக்காரர்கள் தொடவும் கூடாது. தீட்டு கழிவதற்கு முன்பே பௌர்ணமி வந்துவிட்டது. அன்றைக்குத்தான் எங்கள் படங்களையும் பொருள்களையும் பள்ளிக்கூடத்து வராந்தாவில் வைப்பதாக ஏற்பாடு. வராந்தா கிரிவலப் பாதையைப் பார்த்தது. பௌர்ணமிக்கு அந்த வழியே போகும் கூட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

"அந்தத் துணிய மட்டும் வைக்க வேணாமே" என்று அக்கா ஆள் விட்டுப் பார்த்தார். மச்சான் துள்ளினார். "எல்லாரு படமும் இருக்கும், எங்கப்பா மட்டும் வீட்ல சுருட்டிக் கெடக்கணுமா?"

அக்கா தன் வாசலில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார். தீட்டு என்பதால் இரண்டு வீட்டுக்கும் நடுவே தெரு முழுக்க இருந்தது.

"தம்பி, நான் வர முடியாது. நீ போய் மீச பக்கத்துல நில்லு. ஒரு விரல் படக்கூடாது. செருப்பப் பாத்துக்கறவனுக்கு மீசயப் பாத்துக்கத் தெரியாதா?"

நான் தலையை ஆட்டினேன். என் வேலையை அன்று என் மனைவி பார்த்துக்கொண்டாள். எனக்குப் பதிலாகப் பேச ஜன்னலில் ஆள் இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

மச்சான் வாயைத் திறப்பதில்லை என்று தங்கை தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். வெயில் தாழ்ந்து கூட்டம் வரத் தொடங்கியது. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. என் பூட்ஸைப் பார்த்து ஓர் அம்மாள், "யாரோட பாதரட்சை?" என்று பயபக்தியோடு கேட்டார். எனக்குக் காது சூடானது. "வெள்ளைக்கார சித்தரு" என்றார் மச்சான். அந்த அம்மாள் பூட்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு சாமந்திப் பூவை உள்ளே போட்டுவிட்டுப் போனார். பூண்டு வாசம் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்!

பிறகு பச்சைத் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் மச்சானின் படத்துக்கு முன் நின்றார். "மீச மட்டும் இன்னாப்பா இப்படி மின்னுது?" என்றார்.

மச்சான் உதட்டைக் கடித்தார். வானத்தைப் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். அப்பாவைப் பற்றி ஒருவர் வலிய வந்து கேட்கிறார். எத்தனை நேரம்தான் தாங்குவார்?

"தீப மைங்க! கொப்பரையில வழிச்ச ஒரிஜினல் தீப மை! எங்கப்பா மீச!"

அவ்வளவுதான். பெரியவர் விரலை மீசையின் இடது நுனியில் ஒற்றி நெற்றியில் இட்டுக்கொண்டார். பின்னால் இருந்தவர், "இங்க இன்னா குடுக்கறாங்க?" என்று கேட்டார். "தீப மையாம்." எங்கள் ஊரில் இந்த மாதிரி ஒரு சொல் காற்றில் போய்விட்டால் வரிசை தானாக நின்றுவிடும். பிள்ளையை இடுப்பில் வைத்தவள், வேலூர்ப் பக்கத்து வேன் கூட்டம், பெரிய விபூதிப் பட்டைக்காரர் என்று வளைந்து வளைந்து நின்றார்கள். ஒருவர் படத்துக்குக் கீழே கற்பூரத்தையே ஏற்றிவிட்டார். நெய்யில் ஊறிய துணி. டீச்சர் ஓடிவந்து அதை அணைத்தார்.

மச்சான் பயந்துவிட்டார். "தொடாதீங்க" என்று அவரால் சொல்ல முடியவில்லை. பிரசாதம் என்று கை நீட்டியவர்களுக்கு இல்லை என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. இடது மீசை கரைந்துகொண்டே வந்தது. என்னைப் பார்த்து, "மாப்ளே, எதனா பண்ணு மாப்ளே!" என்றார்.

இடது பக்கம் முடிந்துவிட்டது. ஒரு விரல் வலது பக்கம் போனது. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று அக்கா என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. காது சூடானது. சூடானால் ஆகட்டும் என்று பூட்ஸ் பக்கத்தில் இருந்த பாலிஷ் டப்பாவை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினேன்.

"அது மை இல்லீங்க! பூட்ஸ் பாலிஷ்!"

என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. வரிசை நின்றது. எல்லோரும் டப்பாவைப் பார்த்தார்கள். பிறகு பளபளக்கிற பூட்ஸைப் பார்த்தார்கள். பிறகு பளபளக்கிற மீசையைப் பார்த்தார்கள்.

"அட பாவிங்களா!" என்றார் பச்சைத் துண்டுப் பெரியவர். நெற்றியைத் துண்டால் அழுத்தித் தேய்த்தார். வேனில் வந்தவர்கள் ஒருவர் நெற்றியை இன்னொருவர் துடைத்துவிட்டார்கள். "சாமி ஊர்ல நெத்தியில பாலிஷ வைக்கறீங்களே, உருப்படுவீங்களாய்யா?" என்று விபூதிப் பட்டைக்காரர் மச்சானின் சட்டையைப் பிடித்தார்.

"நான் வைக்கலீங்க, நீங்களாத்தான் தொட்டீங்க!"

"மீசயப் பாரு, திருட்டு மீச!"

மச்சானுக்கு முகம் கறுத்துவிட்டது. ஜில்லாவிலேயே இல்லாத மீசையை ஊர் நடுவில் செருப்புக்குப் போடுகிற பாலிஷ் என்று சொன்னது தங்கை புருஷன். அவர் மறுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், வரிசை மறுபடியும் நின்றுவிடும். அவருக்கும் அது தெரியும்.

"ஆமாங்க, பாலிஷ்தான்" என்றார். "மட்டமான பாலிஷ். மாப்ள கம்மி வெலையில வாங்கறவன்."

கூட்டம் திட்டிக்கொண்டே நகர்ந்தது. டீச்சர் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "நெஜமாவே பாலிஷா?" என்றார். நான் வழக்கம் போல அவர் காலைப் பார்த்தேன். அவருடைய கட்டைவிரல் சிரித்துக்கொண்டிருந்த மாதிரி எனக்குப் பட்டது.

அன்றைக்குத் துண்டால் துடைத்துக்கொண்டவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அந்தத் துண்டுகளில் அசல் தீப மை போயிருக்கிறது. யாரோ சோப்புப் போட்டுத் துவைத்து, போகவில்லையே என்று திட்டியிருப்பார்கள். அந்த வருஷத் தீபத்தன்று கோபுரத்துக்கு முன் நின்று அண்ணாமலையாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் என்னைப் போலத்தான், பேச மாட்டார்.

தீட்டு கழித்த அன்று மச்சான் துணியைச் சுருட்டாமல் விரித்தபடியே இரண்டு கையில் ஏந்தி அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனார். நான் பின்னால் போனேன். அக்கா குளித்து ஈரத் தலையோடு வந்து மீசையைப் பார்த்தார். இடது பக்கம் வெறும் பழுப்புக் கறை. வலது பக்கம் பாதிக்கு மேல் இருந்தது.

"ஒத்த மீசயாக் கீதே" என்றார்.

"அந்த ஒத்தயும் இருக்குதுன்னா மாப்ளையாலதான். எங்கப்பாவ அசிங்கப்படுத்திக் காப்பாத்தினான்" என்றார் மச்சான்.

அக்கா வலது நுனியில் விரலை ஒற்றினார். குழந்தையின் கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று வைத்தார். குழந்தை தும்மியது. அக்கா தன் வீட்டுக்காரரின் போட்டோ பக்கம் திரும்பி, "வச்சாச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சமையல்கட்டுக்குள் போனவர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.

மச்சான் மெதுவாக, "மிச்சத்தையும் வழிச்சு டப்பாவுல போட்டுக்கறியாம்மா?" என்று கேட்டார். அப்படிக் கேட்கும்போது துணியை ஒரு விரற்கடை பின்னால் இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்திருப்பார்.

"இருக்கட்டும்ண்ணே. அங்கயே இருக்கட்டும். அடுத்த புள்ளைக்கு ஆவும்."

மறுபடியும் அண்ணே என்றதும் மச்சானுக்கு மீசையே திரும்பி வந்தது போல இருந்தது. கண்ணாடி போட்டால் மை ஒட்டிக்கொள்ளும் என்பதால் படத்தைச் சும்மாவே சுவரில் மாட்டினார். விசேஷ நாள் வந்தால் அக்கா வீட்டார் அங்கே போகிறார்கள். மாமனார் ஒற்றை மீசையோடு எல்லோருக்கும் பொட்டுக் கொடுக்கிறார். பூட்ஸில் இப்போதும் பூண்டும் புளியும்தான். வெள்ளைக்காரர் வரவில்லை.

அந்தக் குழந்தை இரண்டாம் வகுப்பு போகிறாள். என்னைச் செருப்புத் தாத்தா என்று கூப்பிடுகிறாள். இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த அன்று பொட்டோடு வந்து, "ஆட்டோ தாத்தா பாலிஷ்ங்கறாரு, ஆயா மைங்கறாங்க. நீ சொல்லு, எது?" என்றாள்.

நான் இரண்டுக்கும் தலையை ஆட்டினேன்.

"வாயால சொல்ல மாட்டியா? அப்ப எழுதிக் குடு. எனக்கு இப்ப நல்லா படிக்க வரும்" என்றாள்.

மைதான், கண்ணு. உன் தாத்தா மலையிலிருந்து கொண்டுவந்தது. வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் மட்டும் பாலிஷ்.

ஆனி மாதம், பௌர்ணமிக்கு மறுநாள், 2008.